கீழக்கரைக் குடோனில் ஒரு எம்.ஜி. எஞ்சின்: என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: எங்களுக்குக் கீழக்கரை. என் வாப்பாவின் வாப்பா கொழும்பில் வியாபாரம் பார்த்தவர். 1950-களில் அங்கிருந்து ரெண்டு பேர் உட்காரும் சிவப்பு எம்.ஜி. கார் ஒன்றைக் கொண்டுவந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கம்பி வீல் போட்ட அந்தக் காரோடு அவர் நிற்கும் போட்டோ ஒன்று இருக்கிறது. ஸ்பேர் கிடைக்காமல் எழுபதுகளில் அம்பாசிடர் எஞ்சினை ஏற்றி ஓட்டி, பிறகு மதுரைப் பக்கம் யாருக்கோ காரை விற்றுவிட்டார்கள். கழற்றிய பழைய எஞ்சின் மட்டும் கடலோரக் குடோனில் கிடக்கிறது. சுற்றவில்லை, இறுகிவிட்டது. கார்புரேட்டர் ஒன்று இருக்கிறது, இன்னொன்று இருந்த இடம் காலி. பிளாக்கில் எட்டு மூலைப் பித்தளைத் தகடு ஒன்று, அதில் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற எழுத்துகளும் ஒரு நம்பரும். காயலான் கடைக்காரர் 11,000 ரூபாய் என்கிறார். சென்னைப் புரோக்கர் ஒருவர் போனில் 80,000 சொன்னார். ஏற்றி அனுப்பச் சிரமம் என்றால் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி அனுப்புங்கள், 25,000 தருகிறேன் என்றும் சொன்னார். உண்மையான விலை எது? துபாயில் இருக்கும் தம்பி, விற்கவே வேண்டாம், மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கலாம் என்கிறான்.

பதில்:

தம்பி, முதல் வேலையாகக் குடோனைப் பூட்டுங்கள். அந்தத் தகட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. நம்பர் தெளிவாகத் தெரியட்டும் என்று உப்புத்தாளோடு வருகிற ஆள் உங்கள் வீட்டிலேயே இருப்பார், அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று விலை எழுதியிருக்கிறீர்கள். 11,000 வெறும் இரும்பு விலை. காயலான் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு எல்லாமே தராசுதான். 80,000 பேரத்தை ஆரம்பிக்கிற விலை. எனக்கு விஷயம் சொன்னது அந்த 25,000-தான். முழு எஞ்சினுக்கே 80,000 சொல்கிறவர், உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைத் துண்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகத் தருகிறேன் என்கிறார் என்றால், அவர் ஏமாளியாக இருக்க வாய்ப்பில்லை. ரெண்டு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அந்த நம்பரைத் தேடுகிற கார் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், அதாவது உங்கள் பாட்டனாரின் காரே எங்கோ உயிரோடு இருக்கலாம். இன்னொன்று, வேறு ஏதோ ஒரு எஞ்சினுக்கு இந்தத் தகட்டை ரிவெட் அடித்து அதை ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினாக்கி விற்கிற எண்ணம். புதிதாக அடித்த தகடும் சந்தையில் கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் பழைய அசல் தகடு என்றால் வாங்குகிறவனுக்குச் சந்தேகமே வராது.

எந்தக் காரணமாக இருந்தாலும் கழற்றிக் கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். தகடு போன எஞ்சின் பத்திரம் தொலைந்த நிலம் மாதிரி, இருக்கும், விலை போகாது. பின்னாளில் அந்தத் தகடு ஏதாவது போலி வண்டியில் மாட்டி வழக்காகிவிட்டால், எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வருகிற போலீஸ் கீழக்கரைக்குத்தான் வரும். போனில் போட்டோ அனுப்பும்போதும் கடைசி ரெண்டு இலக்கத்தை விரலால் மறைத்து எடுங்கள். முழு நம்பரை இதுவரை அவருக்கு அனுப்பவில்லை என்றே நம்புகிறேன்.

சரி, கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

எக்ஸ்.பி.ஏ.ஜி. என்பது எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் 1250 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சின். ரெண்டு எஸ்.யு. கார்புரேட்டரோடு 5200 ஆர்.பி.எம்.மில் 54 குதிரைச் சக்தி. இன்றைய மாருதியோடு வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், அந்தக் காலத்துக்கு அது துள்ளுகிற எஞ்சின். இது வந்த கார்கள் பல. 1945 முதல் 1949 வரை டி.சி., சுமார் 10,000 கார்கள். 1950 முதல் 1953 வரை டி.டி., அது 29,664. அதற்குப் பின் வந்த டி.எஃப்.பிலும் கொஞ்ச காலம் இதே எஞ்சின்தான், பிறகு 1466 சி.சி.க்கு மாற்றினார்கள். இவை மூன்றும் ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் எம்.ஜி.யின் ஒய் டைப் என்ற குடும்பக் காரிலும், உல்ஸ்லி 4/44 என்ற காரிலும் இதே 1250 சி.சி. எஞ்சின் ஒற்றைக் கார்புரேட்டரோடு வந்தது. அதனால் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்று எழுதியிருக்கிறது என்பதால் மட்டும் அது ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் ஆகிவிடாது. வாங்க வருகிறவனுக்கு இது தெரியும், விற்கிற உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தகட்டில் எக்ஸ்.பி.ஏ.ஜி.க்குப் பிறகு நேராக நம்பர் வருகிறதா, நடுவில் வேறு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டி.டி. என்று இருந்தால் டி.டி. கார். எஸ்.சி. என்று இருந்தால் ஒற்றைக் கார்புரேட்டர், குடும்பக் கார். எதுவும் இல்லாமல் வெறும் நம்பர் என்றால் டி.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம், நீங்கள் எழுதியிருப்பது அப்படித்தான் தெரிகிறது. போட்டோவில் கம்பி வீல் என்பதும் அதோடு ஒத்துப்போகிறது. டி.சி.க்குக் கம்பி வீல்தான், டி.டி.யில் தகட்டு வீலுக்கு மாறிவிட்டார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடம் காலி என்கிறீர்களே, அதுவும் ஒரு விதத்தில் நல்ல சாட்சி, ரெண்டு கார்புரேட்டருக்கான மேனிஃபோல்டு, அதாவது கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கிற குழாய், உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் பாருங்கள். டைனமோவின் பின்பக்கத்தில் சின்ன கியர் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? டேஷ்போர்டில் இருக்கிற ஆர்.பி.எம். மீட்டரை ஓட்டுவதற்காக வைத்தது அது. குடும்பக் காரில் அந்த மீட்டரே கிடையாது. பழைய சாமான் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பிளாக்கைப் பார்ப்பார்கள், கார்புரேட்டரைப் பார்ப்பார்கள், டைனமோவைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். கியர் பெட்டியோடு டைனமோ இருந்தால் அதைத் தனியாகத் துணியில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள், தொலைந்தால் தேடி அலைய வேண்டிய சாமான் அது.

சந்தேகப்படுகிற ஆள் இன்னொரு கேள்வியும் கேட்பான்: தகடு சரி, பிளாக்கும் அதுதானா? நம் நாட்டில் இதற்கு ஒரு காரணம் உண்டு. எக்ஸ்.பி.ஏ.ஜி. பிறந்ததே மோரிஸ் டென் காரின் 1140 சி.சி. எஞ்சினிலிருந்து. அந்த மோரிஸ் டென்னைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே ஹிந்துஸ்தான் 10 என்று விற்றது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி. அந்தக் காலத்தில் எம்.ஜி. பிளாக் வெடித்துப்போய், உள்ளூரில் கிடைத்த பிளாக்கை வைத்துத் தகட்டை மாற்றி அடித்திருந்தால்? உங்கள் விஷயத்தில் அப்படி நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அதற்குத்தான் அவர்கள் அம்பாசிடர் எஞ்சினையே ஏற்றிவிட்டார்களே. ஆனாலும் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கிற ஹெட்டைத் திறக்கிற அன்றைக்குச் சிலிண்டர் விட்டத்தை வெர்னியரில் அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். ரெண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், ஒரே 90 மில்லி. விட்டம் மட்டும் மோரிஸுக்கு 63.5, எம்.ஜி.க்கு 66.5. ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துகிற வேலை, செய்திருந்தால் எம்.ஜி. இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும், குறையாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

(அம்பாசிடர் எஞ்சின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த 1489 சி.சி. எஞ்சினும் எம்.ஜி.க்கு அந்நியமில்லை. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான். உங்கள் பாட்டனார் தெரிந்து ஏற்றினாரோ தெரியாமல் ஏற்றினாரோ, சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்திருக்கிறார்.)

இப்போது விலை. இந்த மாதிரி எஞ்சினுக்கு ஒரே விலை என்று ஒன்று கிடையாது, யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

பிரித்து விற்கிறவன் கார்புரேட்டர், மேனிஃபோல்டு, டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், ராக்கர் கவர், அலுமினிய சம்ப் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் கூட்டி, அதில் பாதியைத்தான் உங்களிடம் சொல்வான். பிளாக்கும் கிராங்கும் நல்லதாக இருந்தால் அவனுக்கு அது உபரி லாபம். இவனிடம் விற்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தவன், பிரித்துக் கட்டி ஓட வைக்கலாம் என்று வாங்குகிறவன். வேறொரு எம்.ஜி. வைத்திருக்கிற ஆள், அல்லது அவருக்கு வேலை செய்து கொடுக்கிற பட்டறை. இவர்களுடைய கணக்கு எளிது, அதையே நீங்களும் போடலாம். கட்டி முடித்து ஓடுகிற எஞ்சினின் விலையிலிருந்து கட்டுகிற செலவைக் கழிக்க வேண்டும், உள்ளே என்ன இருக்குமோ என்ற பயத்துக்கு ஒரு தொகையைக் கழிக்க வேண்டும், மிச்சம்தான் இன்றைய விலை. உதாரணத்துக்கு, ஓடுகிற எஞ்சினுக்கு ஒருவர் 6 லட்சம் கொடுப்பார் என்று வையுங்கள். பிஸ்டன், பேரிங் ஷெல், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்திலிருந்து சுங்கம் கட்டி வரவழைத்து, ரீபோர், கிராங்க் கிரைண்டிங் கூலி, இல்லாத கார்புரேட்டர் எல்லாம் சேர்த்து 3.75 லட்சம் ஆகும் என்று வையுங்கள். பயத்துக்கு 75,000. மிச்சம் 1.5 லட்சம். இந்த எண்கள் கணக்கு காட்டுவதற்காக நான் போட்டவை, ஆனால் ஊர் நடப்புக்கு ரொம்பத் தூரமும் இல்லை. பயத்துக்குக் கழிக்கிற அந்தத் தொகையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த விலைக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. டி.சி., டி.டி. ரெண்டையும் சேர்த்தாலே 40,000-க்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய எஞ்சின் இது. ஸ்பேர் இன்றும் தயாராகிறது, எஸ்.யு. கார்புரேட்டரே புதிதாக வாங்கலாம். ஃபெராரி, புகாட்டி மாதிரி எஞ்சின் ஒன்றே பல கோடிக் காரின் தலையெழுத்தை மாற்றுகிற கதை இங்கே நடக்காது. யாராவது உங்களிடம் 20 லட்சம், 30 லட்சம் என்று ஆசை காட்டினால், அடுத்து "மதிப்பீட்டுக் கட்டணம் முன்பணமாக அனுப்புங்கள்" என்பார்கள். போனை வைத்துவிடுங்கள்.

மூன்றாவது ஆள் ஒரே ஒருவர்தான். அந்தக் காரை இன்று வைத்திருப்பவர். அவருக்கு மட்டும் இந்த எஞ்சினின் விலை வேறு. காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நம்பர் எஞ்சின் திரும்பக் கிடைத்தால் காரின் மதிப்பே ஏறும், எஞ்சினுக்கு அவர் கொடுப்பதைவிட அதிகமாகவே ஏறலாம். இதில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தார்கள். முதல் பதிவாகி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக வைத்திருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும். அம்பாசிடர் எஞ்சினோடு நிற்கிற எம்.ஜி.யை அந்தப் பதிவுக்குக் கொண்டுபோனால் அதிகாரி என்ன கேட்பார் என்று யோசியுங்கள். அந்த உரிமையாளர் தேடிக்கொண்டிருக்கிற சாமான் உங்கள் குடோனில் கிடக்கிறது. புரோக்கருக்குத் தகட்டின் மேல் இவ்வளவு ஆசை வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே விலை பேசுவதற்கு முன் காரைத் தேடுங்கள். உங்களிடம் எஞ்சின் நம்பர்தான் இருக்கிறது, காருக்கு அடையாளம் சேசிஸ் நம்பர், எம்.ஜி.யில் ரெண்டும் ஒன்றாக இருக்காது. எம்.ஜி. தொழிற்சாலையில் சேசிஸ் நம்பரை 1-லிருந்து தொடங்காமல் 251-லிருந்து தொடங்குவார்கள், இங்கிலாந்தில் அபிங்டன் ஊரில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் அது. டி.சி.யின் முதல் காரும் 0251-தான். இந்த ரெண்டு நம்பரையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிற காகிதம்தான் உங்களுக்கு வேண்டும். பழைய ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் ரசீது, கொழும்பில் வாங்கிய பில், சுங்கத்தில் கட்டிய சீட்டு, ஏதாவது ஒன்று. வியாபாரக் குடும்பத்தில் பழைய கணக்குப் பெட்டி இல்லாமல் இருக்காது. வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், மரப்பெட்டி அடியில் பாருங்கள், கரையான் தின்றது போக மிச்சம் இருந்தாலும் போதும். காரை விற்றபோது எழுதிய கைச்சீட்டு கிடைத்தால் வாங்கியவர் பெயரும் கிடைத்துவிடும், வேலை பாதி முடிந்த மாதிரி.

காகிதம் இல்லை என்றால் அந்தப் போட்டோவைப் பெரிதாக ஸ்கேன் செய்து நம்பர் பிளேட்டைப் படிக்கப் பாருங்கள். அப்புறம் சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் டி.சி. வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம், ஒருவருக்கொருவர் தெரிந்துதான் இருப்பார்கள். "சிவப்பு டி.சி., ஒரு காலத்தில் அம்பாசிடர் எஞ்சின் போட்டது, மதுரைக்குப் போனது" என்று சொன்னாலே யாராவது ஒருவருக்குப் பொறி தட்டும். இங்கிலாந்தில் 1930-லிருந்து இருக்கிற எம்.ஜி. கார் கிளப்பிலும் இந்த டி வரிசைக் கார்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, அவர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அங்கே முழு நம்பரையும் எழுதலாம், பயமில்லை.

வீட்டில் சொல்கிற கதையை மட்டும் விலையில் சேர்க்காதீர்கள். கொழும்பிலிருந்து வந்தது, இன்ன பிரமுகர் அதில் ஏறினார் என்பதெல்லாம் காகிதம் இருந்தால் காசு, இல்லாவிட்டால் பேச்சு.

அடுத்தது எஞ்சினின் நிலைமை. இறுகிவிட்டது என்பதைக் கேட்டு நான் பயப்படவில்லை, இவ்வளவு வருடம் நம் கடல் காற்றில் கிடந்து இறுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அதை விடுவிக்கலாம். நான் பயப்படுவது பிளாக்கிலும் ஹெட்டிலும் வெடிப்பு இருக்குமோ என்றுதான். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து பிளாக்கைப் பிளந்துவிடும், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் தொல்லை உப்புத் தண்ணீர். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய எஞ்சினில் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வந்திருக்கும், வெளியே பெயிண்ட் அழகாகவே இருக்கும். பிளாக் பக்கவாட்டில் காசு மாதிரி வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும், அவற்றின் ஓரத்தில் வெள்ளையும் பழுப்புமாகப் பூத்திருந்தால் உள்ளே உப்பு வேலை செய்திருக்கிறது. இந்த எஞ்சினின் ஹெட் வால்வு சீட்டுகளுக்கு நடுவில் வெடிக்கிற பழக்கம் உள்ளது, அதை ஹெட்டைத் திறந்து சோதித்தால்தான் தெரியும்.

திறக்காமலே பாதி தெரிந்துகொள்ள ஒரு வழி, மொபைலில் சொருகுகிற எண்டோஸ்கோப் கேமரா. இப்போது மலிவாகக் கிடைக்கிறது. நாலு ஸ்பார்க் பிளக்கையும் மெதுவாகக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு வீடியோ எடுங்கள். வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், எண்ணெய் விட்டு ரெண்டு நாள் விடுங்கள். லேசான பழுப்புத் துரு என்றால் ரீபோரில் போய்விடும். ஆழமான குழி, அல்லது தண்ணீர் நின்ற கோடு தெரிந்தால் ஸ்லீவ், அதாவது சிலிண்டருக்குள் புதுக் குழாய், போட வேண்டிவரும், விலை இறங்கும். நல்ல வீடியோ இருந்தால் மேலே சொன்ன அந்த 75,000 பயம் பாதியாகக் குறையும். வீடியோ மோசமாக இருந்தாலும் காட்டுங்கள், பிறகு பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவதைவிட அது நல்லது.

பார்த்து முடித்ததும் அந்த ஓட்டைகளிலேயே பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மூடி வையுங்கள். முன்னால் ஹேண்டில் போடுகிற இடத்தில் பைப்பை மாட்டி ஆள் ஏறித் தொங்குவது, பிஸ்டன் தலையில் கட்டையை வைத்து அடிப்பது, இதெல்லாம் வேண்டாம். மண்டபம், பாம்பன் போட் மெக்கானிக்குகள் கைராசிக்காரர்கள், லேலண்ட் எஞ்சினை நடுக்கடலில் பிரித்துக் கோர்த்துக் கரை சேர்க்கிறவர்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விடிந்தால் போட் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் பழகிய கை அது. இந்த எஞ்சினுக்கு அவசரமே கிடையாது.

அதிலும் இதன் மரை ஒரு தினுசு. போல்ட் தலைக்கு விட்வொர்த் ஸ்பானர்தான் சேரும், ஆனால் மரை மெட்ரிக். இந்த எஞ்சின்களைச் செய்த மோரிஸின் கவென்ட்ரி தொழிற்சாலை ஒரு காலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, 1923-ல் மோரிஸ் அதை வாங்கியபோது மெட்ரிக் மரை வெட்டுகிற மெஷின்களும் கூடவே வந்தன, அப்படியே தொடர்ந்துவிட்டார்கள். சரி மெட்ரிக்தானே என்று கடையில் 8 மில்லி போல்ட் வாங்கிப் போட்டீர்கள் என்றால் அது 1.25 பிட்ச் (மரைக்கு மரை இருக்கிற இடைவெளி), இதில் இருப்பது 1.0. ரெண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் மரையைத் தின்றுவிடும். அதனால் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் எங்கிருந்து வந்தது என்று எழுதிப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். துருப்பிடித்த பழைய போல்ட் புதுப் போல்ட்டைவிட விலை கூடியது என்று நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எஞ்சினைச் சிமென்ட் தரையிலிருந்து தூக்கி ரெண்டு பனஞ்சட்டத்தின் மேல் வைத்துவிடுங்கள். கார்புரேட்டர் இல்லாத வாயை எண்ணெய்த் துணியால் அடையுங்கள், எலி உள்ளே குடித்தனம் நடத்தும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து இன்னும் துருப்பிடிக்கும், பழைய பருத்திப் போர்வை போதும். தண்ணீர் அடித்துக் கழுவுவது, கம்பி பிரஷ், மணல் அடிப்பது, சில்வர் பெயிண்ட் எதுவுமே வேண்டாம். பெயிண்ட் அடித்த பழைய எஞ்சினைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது, எதை மறைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

விற்பதற்கு முன் குடும்பத்திலும் ஒரு வேலை இருக்கிறது. எஞ்சின் உங்கள் பாட்டனாருடையது என்றால் உங்கள் வாப்பாவோடு அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. 11,000 ரூபாய் இரும்பு என்கிற வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள், லட்சம் என்று காதில் விழுந்ததும் கொழும்பிலிருந்தும் போன் வரும். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது எஞ்சின் நம்பர், வாங்குகிறவரின் ஆதார், எஞ்சின் மட்டும்தான் விற்கிறோம், காரின் மேல் எங்களுக்கு உரிமை இல்லை என்பதையும் எழுதி ரெண்டு பிரதி எடுங்கள். பணம் பேங்கில் வந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. வெளிநாட்டு ஆள் கேட்டால் இது புராதனப் பொருளாயிற்றே என்று பயப்பட வேண்டாம், 1972-ஆம் வருடச் சட்டம் நூறு வருடம் ஆன பொருளைத்தான் அப்படிச் சொல்கிறது, உங்கள் எஞ்சினுக்கு இன்னும் வயதாகவில்லை. ஆனால் ஏற்றுமதிக் காகித வேலை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் உள்நாட்டிலேயே விற்பது நல்லது.

என்னுடைய எண் என்ன என்று கேட்பீர்கள். நேரில் பார்க்காமல் எழுத்து மூலமாக மதிப்பீடு தர மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியது எல்லாம் சரி, பிளாக்கில் வெடிப்பு இல்லை, தகடு அசல் என்றால், காரோடு சம்பந்தமில்லாத எம்.ஜி.க்காரருக்கு 1 லட்சத்திலிருந்து 1.75 லட்சத்துக்குள் கொடுக்கலாம். வெடிப்பு இருந்தால் பாதிக்கும் கீழே. காரின் உரிமையாளர் கிடைத்துவிட்டால் 3 லட்சத்தில் பேச்சை ஆரம்பியுங்கள், அவரும் பேரம் பேசுவார், 2.5-க்குக் கீழே அவசரப்பட்டு இறங்காதீர்கள். ரொம்ப இழுக்கவும் வேண்டாம். அவர் "போதும், அம்பாசிடர் எஞ்சினே இருக்கட்டும்" என்று முடிவெடுத்துவிட்டால் உங்கள் கையில் மறுபடி 1.5 லட்சச் சாமான்தான். சென்னைப் புரோக்கரிடம் 80,000-க்குச் சரி என்றும் சொல்லாதீர்கள், கோபித்தும் பேசாதீர்கள். தகடு எஞ்சினோடுதான் வரும், எந்தக் காருக்கு என்று சொன்னால் மேலே பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள்.

துபாய்த் தம்பியின் மேசைக்கு வழி இருக்கிறது. வெடித்துப்போன அம்பாசிடர் பிளாக் ராமநாதபுரம் காயலான் கடைகளில் தேடினால் இரும்பு விலைக்கே கிடைக்கும். அதைக் கழுவி, அவர் ஆசைப்பட்ட சில்வர் பெயிண்ட்டும் அடித்து, மேலே கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.